திரைப்படத் தலைப்புகளில் எழுத்து வடிவம் – ஓர் ஆய்வு

முன்னுரை

எழுத்து என்னும் சொல் தமிழ் இலக்கண மரபில் ஒலியையும் அவ்வொலிக்குரிய வரியையும் ஒருங்கே குறிப்பதாகும். ஒலிவடிவம், வரிவடிவம் என அதனை இரண்டாகப் பகுத்து விளக்குதல் இலக்கண ஆசிரியர்களின் வழக்கம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதையும், எகர ஒகரங்களுக்கும் அப்புள்ளி உண்டு என்பதையும் தொல்காப்பியர் நூன்மரபில் கூறியுள்ளார். பின்வந்த வீரமாமுனிவர் (1680–1747) குறில் நெடில் வேறுபாட்டைக் கண்ணால் கண்டு அறியும் வண்ணம் வரிவடிவைச் சீர்செய்தார். ஆகவே வரிவடிவம் பற்றிய சிந்தனை தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. ஆயினும் நம் வகுப்பறைகளில் ஒலிவடிவம் பெறுகின்ற இடத்தை வரிவடிவம் பெறுவதில்லை.

இன்று மக்கள் நாள்தோறும் காணும் எழுத்துகளுள் அளவில் பெரியவை திரைப்படச் சுவரொட்டிகளில் உள்ளவையே எனலாம். நூலகத்திற்கு வாராதவரும் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அவற்றைப் படிக்கின்றனர். ஒரு தலைப்பின் எழுத்து வடிவம், அத்தலைப்பின் சொல் படிக்கப்படுவதற்கு முன்னரே ஒரு பொருளைக் கூறிவிடுகின்றது. அப்பொருள் பெரும்பாலும் வடிவத்தோடு உடன்பிறந்ததன்று. வழக்கினால் வந்து சேர்ந்தது. ஆதலின் வடிவத்தைத் தேர்வோர்க்கும் அதனைக் காண்போர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. இதனைச் சில சான்றுகள் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரணமும் இடுகுறியும்

பெயர்ச்சொற்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுக்கும் முறை மாணவர் நன்கு அறிந்ததே. எழுத்து வடிவங்களின் பொருளையும் இம்முறையில் பகுத்துக் காணலாம். சில வடிவங்கள் காரணம் பற்றிப் பொருள் தருகின்றன. சில, பலரும் பயன்படுத்தி வந்த பழக்கம் ஒன்றினாலேயே பொருள் தருகின்றன.

காரணம் பற்றிய வடிவத்திற்குச் சிறந்த சான்று, 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி காட்ஃபாதர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் தலைப்பாகும். இவ்வடிவம் முதலில் திரைக்காக வரையப்பட்டதன்று. 1969இல் வெளிவந்த மரியோ பூசோவின் புதினத்திற்கு எஸ். நீல் ஃபூஜிட்டா என்னும் கலைஞர் வரைந்த மேலட்டை அது. தலைப்பெழுத்துகளுக்கு மேலே ஒரு கை. அக்கையில் பொம்மலாட்டக் கயிறுகள். மறைவிலிருந்து பிறரை ஆட்டிவைக்கும் ஒருவரின் கதை இது என்பதை அந்த ஓவியமே சொல்லிவிடுகின்றது. படம் எடுத்தவர்கள் புதிதாக ஒன்றைத் தேடாமல் அதனையே ஏற்றுக்கொண்டனர்.

இத்துறையில் வழிகாட்டியாகப் போற்றப்படுபவர் சால் பாஸ் (1920–1996). 1955இல் ஓட்டோ பிரமிஞ்சர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' போதைப் பழக்கத்திற்கு அடிமையான ஒருவனின் கதையாகும். அதற்குச் சால் பாஸ் அமைத்த தலைப்பில், தாளைக் கத்தரித்தது போன்ற கோணல்மாணலான ஒரு கை இறங்கி வரும். எழுத்துகளும் நேர்ச்சீராக நில்லாமல் அக்கையோடு ஒத்து நிற்கும். அதற்கு முன்னர், அரங்கின் திரைச்சீலை விலகுமுன்னரே தலைப்புகளை ஓட்டிவிடும் வழக்கம் பல அரங்குகளில் இருந்தது. இப்படத்திற்கோ, திரைச்சீலையை விலக்கிய பின்னரே தலைப்பைக் காட்டுமாறு படத்தோடு குறிப்பும் அனுப்பப்பட்டது என்பர். தலைப்பெழுத்தும் படத்தின் ஒரு பகுதியே என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

வழக்கினால் வந்த பொருள்

இனி, இடுகுறியாய் அமைந்த வடிவங்களைக் காண்போம். உரோம் நகரில் பேரரசர் டிராஜனின் வெற்றித் தூண் ஒன்று உள்ளது. கி.பி. 113இல் நிறுவப்பெற்ற அத்தூணின் அடிப்பீடத்தில் பொறிக்கப்பட்ட எழுத்துகள் உரோமானிய எழுத்துக் கலையின் உச்சம் எனக் கருதப்படுபவை. அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1989இல் அடோபி நிறுவனத்திற்காகக் கேரல் டுவாம்ப்ளி என்னும் அம்மையார் 'டிராஜன்' என்ற எழுத்துருவை உருவாக்கினார். கல்வெட்டிற்குரிய கம்பீரமும் நிதானமும் கொண்ட எழுத்து அது.

1990களில் அமெரிக்கத் திரைப்படச் சுவரொட்டிகள் இவ்வெழுத்தை விரும்பி ஏற்றன. 'அப்போலோ 13' (1995), 'டைட்டானிக்' (1997), 'கிளாடியேட்டர்' (2000) ஆகிய மூன்றின் தலைப்புகளும் இவ்வெழுத்தில் அமைந்தவையே. இவற்றுள் 'கிளாடியேட்டர்' உரோமப் பேரரசின் கதை; தூண் எழுந்த நூற்றாண்டிலேயே நிகழ்வதாக அமைந்தது. அங்கு இவ்வெழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. 1912இல் மூழ்கிய கப்பலுக்கும், 1970இல் நிலவை நோக்கிச் சென்ற விண்கலத்திற்கும் உரோமப் பேரரசனின் கல்வெட்டோடு என்ன உறவு? காரணம் எதுவும் இல்லை. 'இது பெரிய படம், மதிப்புக்குரிய படம்' என்னும் செய்தியே அங்குப் பொருளாகி நின்றது. பலரும் எடுத்தாளவே அச்செய்தியும் தேய்ந்தது. பின்னாளில் அச்சமூட்டும் படங்களின் சுவரொட்டிகளிலும் இதே எழுத்து இடம்பெறலாயிற்று. பயன்பாட்டினால் சொற்கள் உயர்பொருட்பேறும் இழிபொருட்பேறும் அடைவது போலவே எழுத்து வடிவங்களும் அடைகின்றன என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

மற்றொரு சான்று 'பப்பைரஸ்' என்னும் எழுத்துருவாகும். கிறிஸ் காஸ்டெல்லோ என்பவர் 1982இல் இதனைக் கையால் வரைந்தார். பண்டை எகிப்தியரின் நாணற்புல் தாளில் எழுதியது போன்ற சொரசொரப்பான விளிம்புகளை உடையது. கணினிகளோடு இலவசமாகவே வழங்கப்பட்டமையால் தேநீர்க் கடை முதல் திருமண அழைப்பிதழ் வரை எங்கும் பரவிற்று. 2009இல் பெரும்பொருட் செலவில் உருவான 'அவதார்' திரைப்படத்தின் தலைப்பு இவ்வெழுத்தைத் தழுவி அமைந்தபோது பலர் நகைத்தனர். 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று இதனையே பொருளாகக் கொண்டது. 2022இல் வந்த இரண்டாம் பாகத்தின் தலைப்பில் எழுத்து மாற்றி வரையப்பட்டிருந்தது. கற்பனையாக ஓர் உலகத்தையே படைத்து, அவ்வுலக மாந்தர்க்கென ஒரு மொழியையும் ஆக்கிய படம் அது. தலைப்பெழுத்தை மட்டும் எளிதில் கிடைத்ததைக் கொண்டு முடித்ததே நகைப்பிற்கு இடமாயிற்று.

வேடம் புனையும் எழுத்து

மேற்கண்டவை சுவை பற்றியவை. இனி நாம் காணவிருப்பது மக்களின் மதிப்புப் பற்றியது. இதனை ஆன்றோரும் மாணவரும் ஊன்றிக் கருதுதல் வேண்டும்.

ஜெர்மானிய எழுத்துக் கலைஞர் ருடால்ஃப் கோக் 1923இல் 'நாய்லாண்ட்' என்னும் எழுத்தை உருவாக்கினார். முன்வரைவு இன்றி நேரே உலோகத்தில் செதுக்கப்பெற்றமையால் மரச்செதுக்கு அச்சைப் போன்ற தடிப்பும் கரடுமுரடும் அதற்கு வாய்த்தன. ஆப்பிரிக்காவிற்கும் அதற்கும் பிறப்பினால் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் அமெரிக்காவில் ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய நூல்களின் மேலட்டைகளிலும், காடு, விலங்கு, நெடும்பயணம் பற்றிய விளம்பரங்களிலும் இவ்வெழுத்து மீண்டும் மீண்டும் வந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' தலைப்பிலும் இவ்வகை எழுத்தே அமைந்தது. கொடிய விலங்குக்கும் ஒரு கண்டத்து மக்களுக்கும் ஒரே எழுத்து அடையாளமாயிற்று. இன்னவர் நாகரிகம் அறியாதவர் என்று எவரும் வாயால் சொல்லவில்லை. எழுத்தின் வடிவம் சொல்லிற்று. சொல்லால் கூறினால் மறுக்கலாம். வடிவத்தால் கூறுவதை மறுப்பதற்கு முதலில் அதனைக் காணக் கற்றிருத்தல் வேண்டும்.

அரபு நாட்டுக் கதைகளுக்கு வரையப்படும் தலைப்புகளும் இத்தகையனவே. உரோமானிய எழுத்துகளை வளைத்து, நுனியை வாள்போல் கூராக்கி, அரபு எழுத்தின் சாயலைப் பூசிவிடுகின்றனர். 1992இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'அலாவுதீன்' படத்தலைப்பு இவ்வகையினது. அப்படத்தின் தொடக்கப் பாடலில் அரபு மக்களை இழிவுபடுத்தும் வரி உள்ளது என்று அமெரிக்க அரபு அமைப்பினர் முறையிட, 1993இல் வெளிவந்த ஒளிநாடாப் பதிப்பில் அவ்வரி மாற்றப்பட்டது. கடைத்தெருக் காட்சிகளின் பெயர்ப்பலகைகளில் உண்மையான அரபு எழுத்துக்கு மாறாகப் பொருளற்ற கிறுக்கல்களே இருந்தன என்பதையும் விமர்சகர்கள் சுட்டினர். பாடல் வரி திருத்தப்பட்டது. எழுத்தின் வேடம் அவ்வாறே நின்றது. மொழியின் பிழை காதில் விழுந்த அளவிற்கு எழுத்தின் பிழை கண்ணில் படவில்லை போலும்.

இதற்கு எதிர்முகமாக ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தமிழக முஸ்லிம்கள் அரபு எழுத்தால் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு நாம் அறிந்ததே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் அதில் நூல்கள் யாத்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளைக் குறிப்பதற்கு, இருக்கும் எழுத்துகளின்மேல் புதிய குறிகளை இட்டு அமைத்துக்கொண்டனர். அங்கும் ஒரு மொழி மற்றொன்றின் எழுத்தை அணிந்தது. ஆனால் இரு மொழிகளின் ஒலியையும் நன்கு அறிந்தவர் செய்த பணி அது, படிப்பதற்காகவே செய்யப்பட்டது. சுவரொட்டி எழுத்தோ ஒரு மொழியையும் அறியாமல் அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. கடன் வாங்குதல் குற்றமன்று; கடன் கொடுத்தவரின் முகத்தைக் கேலிச்சித்திரமாக்குதலே குற்றம்.

நம் ஊர்களிலும் இப்பழக்கம் இல்லாமல் இல்லை. பிரியாணிக் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துக்கு அரபுச் சாயல் பூசுவதைப் பல இடங்களில் காணலாம். கடைக்காரரே விரும்பி வைத்துக்கொள்ளும் அடையாளமாயின் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு சமுதாயத்தைப் பற்றிப் பிறர் ஆக்கும் படைப்பில் அதே வேடம் வருமாயின், யார் யாருக்கு அணிவித்தது என்று வினவுதல் வேண்டும்.

தம் எழுத்தை அறிந்த கலைஞர்

எழுத்து வடிவத்தை உரிய முறையில் கையாண்டவர்க்கு நம் நாட்டிலேயே பெருஞ்சான்று ஒருவர் உளர். அவர் சத்யஜித் ராய் (1921–1992). அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் அச்சுக்கலையில் ஆய்வுகள் நிகழ்த்தியவர். தந்தையார் சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுத்தொழில் பயின்றவர். ராய் சாந்திநிகேதனில் நந்தலால் போசு, வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் கற்றார். 1943இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். சிக்னெட் பதிப்பகத்திற்கு நூல்களின் மேலட்டைகளை வரைந்தார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்பிற்குப் படம் வரையும்போதே அக்கதையைத் திரையில் காட்டும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. 1955இல் அப்படம் வெளிவந்தது.

தம் படங்களின் சுவரொட்டிகளையும் தலைப்பெழுத்துகளையும் அவரே வரைந்தார். வங்க எழுத்துகள் மேலே ஒரு கோட்டில் தொங்குவன. அக்கோட்டையும் எழுத்தின் வளைவையும் கதைக்கு ஏற்ப நீட்டியும் குறுக்கியும் மாற்றினார். நகரத்துக் கதைக்கு ஒரு வகை, சிறுவர்க்கான மாயக்கதைக்கு வேறொரு வகை என அவர் எழுத்து படத்திற்குப் படம் மாறும். எவ்வளவு மாறினும் அது வங்க எழுத்தாகவே இருக்கும். பிறிதோர் எழுத்தின் ஆடையை அணிந்து நில்லாது. அவர் உரோமானிய எழுத்திலும் வல்லவர். 'ராய் ரோமன்', 'ராய் பிசார்' முதலிய எழுத்துருக்களை அவர் ஆங்கிலத்திற்கு அளித்துள்ளார். இரண்டு எழுத்து மரபுகளையும் தனித்தனியே கற்றவராதலின் ஒன்றை மற்றொன்றின் மீது அவர் திணிக்கவில்லை. மாணவர்கள் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

மூன்று எழுத்தில் ஒரு பெயர்

வடஇந்தியத் திரையுலகில் நெடுங்காலம் நிலவிய ஒரு வழக்கமும் ஈண்டுக் கருதத்தக்கது. இந்திப் படங்களின் தலைப்பு உரோமானிய எழுத்து, தேவநாகரி, உருது ஆகிய மூன்றிலும் எழுதப்பட்டது. 'மதர் இந்தியா' (1957), 'முகலே ஆசம்' (1960) போன்ற படங்களின் தலைப்புகளை இவ்வாறே காணலாம். ஒரே ஊரில் ஒரே படத்தைப் பார்க்க வருவோர் வெவ்வேறு எழுத்துகளைப் படிப்போராயிருந்தனர். ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுத்தில் அழைப்பு விடுக்கப்பட்டது எனலாம்.

உருது எழுதப்படும் நஸ்தலீக் வடிவம் வலமேலிருந்து இடக்கீழ் நோக்கிச் சரிந்து செல்வது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமர்வன. ஆதலின் ஈய அச்சில் அதனைக் கோப்பது அரிதாயிற்று. காத்திபு எனப்படும் எழுத்தோவியர் கையால் எழுத, அது கல்லச்சில் பதிக்கப்பட்டது. 1927இல் சென்னையில் தொடங்கப்பெற்ற 'முசல்மான்' உருது நாளிதழ் கணினி பரவிய பின்னரும் நெடுங்காலம் கையால் எழுதப்பெற்றே வெளிவந்தது. 1981இல் மிர்சா அகமது ஜமீலின் முயற்சியால் 'நூரி நஸ்தலீக்' என்னும் கணினி எழுத்து உருவாகி லாகூர் நாளிதழில் பயன்பட்டது. எனவே, எழுத இயலாமையால் உருது எழுத்து சுவரொட்டியை விட்டு நீங்கிற்று என்று கூறுதல் இயலாது. இன்றைய இந்திப் படங்கள் பலவற்றில் மூன்றாம் வரி இல்லை. உருதுச் சொற்களும் உருதுக் கவிதை மரபும் பாடல்களில் தொடர்ந்து ஒலிக்கின்றன. அவற்றின் வரிவடிவம் மட்டும் அழைப்பிதழிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வேடம் அணிவித்தல் ஒருவகைப் பிழையெனில், முகத்தையே காட்டாது விடுதல் மற்றொரு வகைப் பிழையாகும்.

தமிழ்த் தலைப்புகளின் நிலை

தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அன்றுமுதல் பல்லாண்டுகள் தமிழ்ப்படத் தலைப்புகள் கையால் எழுதப்பட்டன. அவற்றை எழுதிய ஓவியர் பலரின் பெயர் மக்களுக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் தெரியும். தமிழ் வரிவடிவின் வரலாற்றுக்கும் அத்தலைப்புகள் சான்றாகின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தி ணா, றா, னா முதலிய எழுத்துகளையும் ணை, லை, ளை, னை முதலியவற்றையும் மாற்றியது. அதற்கு முன்னர் வந்த 'திருவிளையாடல்' (1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஆகியவற்றின் பெயர்களில் அவ்வெழுத்துகள் வருதல் காண்க. இன்று அப்பெயர்களைக் கணினியில் அச்சிடுவோர் புதிய வடிவத்தையே இடுகின்றனர். படிப்பதற்கு அது போதும். ஆனால் பழைய சுவரொட்டி அழியுமாயின், அக்காலத்து மக்கள் எழுத்தை எவ்வாறு கண்டனர் என்பதற்குரிய ஆவணமும் அதனோடு அழியும்.

2006இல் தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டது. சொல் தமிழாக இருத்தல் வேண்டும் என்னும் அக்கறை அதில் வெளிப்பட்டது. வரிவடிவு பற்றிய அக்கறை இன்னும் நம்மிடம் வளரவில்லை. முதலில் ஆங்கில எழுத்தில் தலைப்பை வரைந்து, பின்னர் அதன் கூரிய முனைகளையும் நேர்க்கோடுகளையும் தமிழ் எழுத்தின்மேல் ஏற்றுவதைப் பல சுவரொட்டிகளில் காண்கிறோம். வளைவுகளையே உயிராகக் கொண்ட தமிழெழுத்து அங்கு மூச்சுத் திணறுகின்றது. பழமையைக் காட்டக் கல்வெட்டுச் சாயல், பேய்க்கதையைக் காட்டக் குருதி சொட்டும் எழுத்து என ஆயத்த வடிவங்களும் மலிந்துள்ளன. இவற்றை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. காரணம் அறிந்து தேர்ந்தால் அவையும் பயன்படும்.

முடிவுரை

மாணவர்களுக்கு ஓர் எளிய பயிற்சியைக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். பத்துச் சுவரொட்டிகளை எடுத்துக்கொள்க. நடிகர்களின் படங்களைத் தாளால் மறைத்துத் தலைப்பை மட்டும் காண்க. அவ்வெழுத்து எங்கிருந்து வந்தது, இதற்கு முன் எவற்றுக்கெல்லாம் பயன்பட்டது, அது யாருடைய முகத்தைக் காட்டுகின்றது என்று ஒவ்வொன்றையும் வினவுக. காரணமா, இடுகுறியா, வேடமா என எழுதி வைக்க. பத்தாவது தலைப்பை அடைவதற்குள், பேருந்து நிலையச் சுவர் நூலகத்தின் ஒரு பகுதியாகத் தோன்றத் தொடங்கும்.

நாளை இம்மாணவர்களுள் சிலர் அச்சகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் திரைத்துறையிலும் பணியாற்றக்கூடும். ஒரு மக்களைப் பற்றிய கதைக்குத் தலைப்பு எழுதும் பொறுப்பு அவர்கள் கைக்கு வரும்போது, அம்மக்களுள் எழுத்தறிந்த ஒருவரிடம் அதனைக் காட்டி, 'இஃது உங்கள் எழுத்துப்போல் உள்ளதா, உங்களைக் கேலி செய்வதுபோல் உள்ளதா?' என்று கேட்பார்களாயின், தமிழ்த்துறையில் அவர்கள் பயின்ற எழுத்திலக்கணம் பயன் பெற்றதாகும்.